குலுக்கும் முன் கேள்வியைச் சீர்ப்படுத்துங்கள்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் இருக்கும், குவான் யின் என்ற சீனப் பெண் தெய்வத்தின் கோயிலைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். 1884-இல் எழுந்த கோயில் அது. அதற்கு அடுத்தாற்போல், 1870-இல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். குவான் யின்னைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். குழாயைக் குலுக்கி எண்ணிட்ட குச்சி ஒன்றை விழவைத்து, அந்த எண்ணுக்குரிய பலன் சீட்டை வாங்கிக் குறி கேட்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு பத்திதான் இருந்தது. கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன.

"பலிக்குமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வழக்கறிஞர் கேட்பதைத் தமிழிலும், சாட்சி சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லியே வயதானவள். கேள்வி கோணலாக இருந்தால் உண்மையான சாட்சியும் தப்பாகப் பதில் சொல்லிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சீனர்களின் குறி பலிக்குமா என்பதைவிட, அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

"என் மகளுக்கு இந்த வருஷம் கல்யாணம் கூடிவருமா, மாப்பிள்ளை உள்ளூரா வெளியூரா, போகிற இடத்தில் நிம்மதியாக இருப்பாளா என்று வேண்டிக்கொண்டு குவான் யின் முன்னால் கட்டையைப் போட்டேன். இரண்டு தடவையும் இரண்டு கட்டையும் தட்டைப் பக்கம் மேலே தெரியும்படி விழுந்தன. பக்கத்தில் நின்ற சீன அம்மாள் சிரித்தார். சாமிக்குக் கோபமா?" – ஒரு தாய், ஜொகூர் பாரு

கோபம் இல்லை, அம்மா. அது சாமியின் சிரிப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள், பெரும்பாலும் சிவப்புச் சாயம் பூசியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. தரையில் போடும்போது ஒன்று தட்டையாகவும் மற்றது வளைவாகவும் விழுந்தால் "ஆமாம்". இரண்டும் வளைவு மேலே வந்தால் "இல்லை". இரண்டும் தட்டை மேலே வந்தால் சாமி சிரிக்கிறது என்பார்கள். கேள்வி விளங்கவில்லை, அல்லது பதில் உனக்கே தெரியும், பிறகு என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று அதற்குப் பொருள்.

நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒரு ஜோடிக் கட்டையைப் போட்டிருக்கிறீர்கள். "ஆமாம்" என்று விழுந்திருந்தால் எதற்கு ஆமாம்? கல்யாணத்துக்கா, வெளியூருக்கா, நிம்மதிக்கா? அதிலும் இரண்டாவது கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதிலே கிடையாது. உள்ளூரா வெளியூரா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வதற்குச் சாமியாலும் ஆகாது. நீதிமன்றத்தில் இப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்துவிடுவார். அங்கே அந்த வேலையைக் கட்டை செய்திருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் இருந்த சீனப் பாட்டி. ஆ மா என்று கூப்பிடுவேன். மண்டியிட்டதும் முதலில் தன் பெயர், பிறகு சீன நாள்காட்டிப்படி பிறந்த தேதி, பிறகு புளோக் எண், மாடி, வீட்டு எண் எல்லாம் சொல்வார். தைவானிலும் இப்படித்தான் முகவரியோடு கேட்பார்கள். அதற்குப் பிறகு விஷயம், ஒரே வாக்கியத்தில். மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத கேள்வியை ஆ மா கேள்வியாகவே மதிக்கமாட்டார்.

நீங்கள் திருப்பிக் கேட்பதானால் இப்படிக் கேளுங்கள்: "இப்போது வந்திருக்கும் இந்த வரனைப் பற்றி நான் மேலே பேசலாமா?" எந்த வரன் என்று மனத்தில் தெளிவாக இருக்கட்டும். இது உங்கள் கையில் இருக்கும் காரியம். ஆமாம் என்றால் நாளைக்கே ஃபோன் செய்வீர்கள், இல்லை என்றால் செய்யமாட்டீர்கள். இரண்டு பதிலுக்கும் நீங்கள் செய்யப்போவது வேறு வேறாக இல்லையென்றால் அந்தக் கேள்வி இன்னும் பழுக்கவில்லை. மகள் நிம்மதியாக இருப்பாளா என்பது உங்கள் கையிலும் இல்லை, கட்டையின் கையிலும் இல்லை. அதை மகளிடம் கேளுங்கள். கேட்டீர்களா?

பெரிய காரியங்களுக்குத் தொடர்ந்து மூன்று முறை "ஆமாம்" விழவேண்டும் என்பது பல கோயில்களில் வழக்கம். ஒரு தடவைக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். சுலபமாக ஆமாம் வாங்கிவிடக் கூடாது என்று யாரோ யோசித்தே வைத்திருக்கிறார்கள்.

"செல்பேசிச் செயலியில் யி ஜிங் பார்க்கிறேன். 'வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா, இல்லை இங்கேயே இருந்துவிடலாமா' என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை. ஐந்தாம் தடவை நாலாவது குறி வந்தது. அதில் என்னைத் திட்டியிருக்கிறது. தற்செயலா?" – மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

தற்செயல்தான், தம்பி. ஆனால் திட்டு உங்களுக்கு உரியதுதான்.

யி ஜிங் சீனர்களின் பழைய குறி நூல். அதில் 64 குறிகள்; காசோ குச்சியோ போட்டு அவற்றில் ஒன்றை எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஆறு கோடுகளால் ஆனது. முழுக்கோடு அல்லது நடுவில் உடைந்த கோடு. நாலாவது குறிக்கு மெங் என்று பெயர்: பக்குவப்படாத இளமை. அதன் வாசகம் கிட்டத்தட்ட இப்படிப் போகிறது: நான் அந்தச் சிறுபிள்ளையைத் தேடிப் போகவில்லை, அவன்தான் என்னைத் தேடி வந்தான், முதல் தடவை கேட்டால் சொல்வேன், இரண்டு தடவை, மூன்று தடவை என்றால் அது அவமதிப்பு, அவமதித்தால் சொல்லமாட்டேன். குறி சொல்லும் நூலே "போதும், தொந்தரவு பண்ணாதே" என்று எழுதி வைத்திருக்கும் இடம் இது. நான் முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

பழைய சடங்கு நூலான லீ ஜியிலும் குறி கேட்பது மூன்றைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. ஆமையோட்டைச் சுட்டு விரிசல் பார்த்துக் கேட்டதையே மறுபடி குச்சியில் கேட்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஒரு மருத்துவர் சொன்னது பிடிக்கவில்லை என்று அடுத்தவரிடம் ஓடுவதற்கு அங்கே தடை. எல்லாரும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். சிங் வம்சக் காலத்துக் குறி நூல் ஒன்று, விளங்காவிட்டால் திரும்பக் கேள், அதில் தப்பில்லை என்று வாதாடுகிறது. ஆனால் அதுவும் விளங்காததற்காகத்தான் திரும்பக் கேட்கச் சொல்கிறது. பிடிக்காததற்காக இல்லை.

இனி உங்கள் கேள்வி. "இதுவா அதுவா" என்பது யி ஜிங்குக்கு ஒவ்வாது. அது ஒரு நிலைமையைச் சொல்லும். இரண்டு தட்டில் எதைத் தூக்கு என்று சொல்லாது. கிணறு என்று ஒரு குறி வந்தால், கிணறு வேலைக்கா தொழிலுக்கா? எதை நினைத்தாலும் பொருந்தும். ஐந்து தடவையும் உங்களுக்கு நடந்தது அதுதான்.

இரண்டாக வெட்டுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். செயலியில் தட்டச்சு செய்யாதீர்கள். "என் சேமிப்பைப் போட்டு வருகிற தையில் தொழில் தொடங்கினால் எதை எதிர்கொள்வேன்?" இது ஒன்று. "இன்னும் ஒரு வருஷம் இதே வேலையில் இருந்தால் என் நிலை என்ன?" இது மற்றொன்று. இரண்டிலும் காலம் இருக்கிறது, பணம் யாருடையது என்பது இருக்கிறது, கேட்பவர் யார் என்பது இருக்கிறது. தனித்தனியாகப் போட்டுப் பார்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யி ஜிங்கின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுத உட்கார்ந்த உளவியலாளர் கார்ல் யுங், அந்த நூலிடமே காசு போட்டுக் கேட்டார். "இந்த நூல் மேற்கில் விற்குமா" என்று கேட்கவில்லை. மேற்கத்திய வாசகர் முன் உன்னைக் கொண்டு நிறுத்தப்போகிறேன், உன் நிலையை நீ எப்படிப் பார்க்கிறாய் என்ற தோரணையில் கேட்டார். 50-ஆவது குறி வந்தது: சமைத்த உணவு வைக்கும் பெரிய வெண்கலப் பாத்திரம். அதை வைத்துக்கொண்டு அவரால் பக்கம் பக்கமாக எழுத முடிந்தது. விற்குமா என்று கேட்டிருந்தால் பாத்திரத்தை வைத்து என்ன செய்திருப்பார்?

செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய முறையில் 50 குச்சிகள். ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, 49-ஐப் பிரித்து, நான்கு நான்காக எண்ணி, மறுபடி சேர்த்து, மறுபடி பிரித்து, ஒரு கோட்டுக்கு மூன்று தடவை என்று மொத்தம் 18 தடவை செய்யவேண்டும். மூன்று காசு போடும் முறை பின்னால் வந்த சுருக்கு வழி. ஆறு வீச்சில் முடிந்துவிடும். கணக்கும் மாறுகிறது. "மாறும் கோடு" (முழுக்கோடு உடைந்ததாகவும், உடைந்தது முழுக்கோடாகவும் மாறுவது) வகை இரண்டும் காசில் எட்டில் ஒன்று வீதம் சமமாக வரும். குச்சியிலோ ஒன்று பதினாறில் மூன்று, மற்றது பதினாறில் ஒன்று. ஆனால் எனக்குக் கணக்கைவிட நேரம்தான் முக்கியம். குச்சியை எண்ணி முடிப்பதற்குள், "நான் கேட்பது சரியான கேள்விதானா" என்ற சந்தேகம் வந்துவிடும். செயலியில் விரல் பட்டதும் விடை. சந்தேகம் வர நேரமே கொடுப்பதில்லை.

"குறி கேட்பதற்கு இத்தனை சட்டதிட்டமா? யார் போட்டது?" – பள்ளி ஆசிரியை, பினாங்கு

டீச்சர், உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும்.

1899-இல் வாங் யிரோங் என்ற சீன அறிஞர், மருந்துக் கடைகளில் "டிராகன் எலும்பு" என்று பொடித்து விற்றுவந்தவற்றில் கீறியிருந்தது பழைய எழுத்து என்று கண்டுகொண்டார். ஷாங் அரசர்களின் தலைநகரம் இருந்த ஆன்யாங்கிலிருந்து வந்தவை. மாட்டுத் தோள்பட்டை எலும்பும் ஆமையின் அடி ஓடும். பின்பக்கம் வரிசையாகக் குழி தோண்டி, அதில் நெருப்புச் சூடு வைத்தால் முன்பக்கம் விரிசல் விடும். அந்த விரிசலைப் படித்து அரசர் பலன் சொல்வார். பிறகு எது கேட்கப்பட்டது என்பதை ஓட்டிலேயே செதுக்கி வைப்பார்கள்.

கேட்ட விதத்தைப் பாருங்கள். ஓட்டின் வலப்பக்கம் ஒன்று: "ஃபூ ஹாவின் பிரசவம் நல்லபடியாக இருக்கும்." இடப்பக்கம் அதற்கு எதிர்: "நல்லபடியாக இராது." ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் வைத்துக் கேட்பது. இரண்டு தரப்பையும் விசாரிப்பதுபோல என்று என் பழைய புத்தி சொல்கிறது. ஃபூ ஹாவ், அரசர் வூ டிங்கின் மனைவிகளில் ஒருவர்; படை நடத்திப் போனவர்; அவருடைய கல்லறையை 1976-இல் தோண்டி எடுத்தார்கள். விரிசலைப் பார்த்த அரசர், டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் ரொம்ப நல்லது என்றார். 31 நாள் கழித்து வேறொரு நாளில் பிறந்தது. "நல்லதல்ல, பெண்" என்று செதுக்கியிருக்கிறார்கள். படை நடத்திய பெண்ணுக்குப் பிறந்த பெண்ணை இப்படி எழுதியவன் யார் என்று எனக்குக் கோபம் வரும். அதே சமயம், அரசர் சொன்ன நாள் பலிக்காததை மறைக்காமல் செதுக்கி வைத்தானே என்றும் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது வூ டிங்கின் பல்வலி. அரசருக்குப் பல் வலித்தது. செத்துப்போன முன்னோர் யாரோ படுத்துகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. "யார் காரணம்?" என்று மொட்டையாகக் கேட்கவில்லை. தந்தை ஜியாவா, அல்லவா? தந்தை கெங்கா, அல்லவா? தந்தை ஸின்னா, அல்லவா? தந்தை யீயா, அல்லவா? நான்கு பேரையும் தனித்தனியாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் கேட்டார்கள். (தந்தை என்றால் பெரியப்பா, சித்தப்பாவும் அடக்கம்.) பரிகாரத்துக்கு நாயும் ஆடும் பலி கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். பல் என்னவாயிற்று?

இன்னொன்று சொல்லவேண்டும். இவற்றில் பலவற்றில் கேள்விக்கான சொல்லே இல்லை. "இப்படி ஆகும்", "இப்படி ஆகாது" என்று கூற்றாகவே இருக்கின்றன. அமெரிக்க அறிஞர் டேவிட் கீட்லி, இவை கேள்விகளே அல்ல, அரசர் தான் விரும்புவதை முன்னோர் முன் வைத்துப் பார்ப்பது என்று வாதிட்டார். மற்றவர்கள் ஒப்பவில்லை. எனக்குக் கீட்லி சொல்வது பிடித்திருக்கிறது. "எனக்கு என்ன ஆகும்" என்று கையை விரித்து நிற்காமல், "இதைச் செய்யப்போகிறேன், தடை உண்டா" என்று நிற்பது. ஆ மா கேட்டதும் அந்த மாதிரிதான்.

"கூட்டாளிக்குத் தெரியாமல் வாடிக்கையாளர்களைப் பிரித்துக்கொண்டு தனியாகக் கடை போடலாம் என்று இருக்கிறேன். விவரம் எதுவும் சொல்லாமல் 'நினைத்த காரியம் நடக்குமா' என்று மட்டும் கேட்டுக் குச்சி எடுத்தேன். மிக நல்ல சீட்டு வந்தது. துணிந்து இறங்கலாமா?" – பெயர் வேண்டாம் என்றவர், சிராங்கூன்

ஐயா, உங்களுக்கு முன்னால் இதையே செய்த ஒருவர் இருக்கிறார். அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கி.மு. 530. பழைய சீனாவின் லூ நாட்டில் நான் குவாய் என்ற அதிகாரி, தான் ஊழியம் பார்த்த குடும்பத்துக்கு எதிராகக் கலகம் செய்யத் திட்டமிட்டார். குச்சி போட்டுக் குறி கேட்டார். ஆனால் எதைப் பற்றி என்று வாய் திறக்கவில்லை. விடை: "மஞ்சள் நிறக் கீழாடை; மிகப் பெரும் நன்மை." குதூகலமாகிவிட்டார். சிஃபு ஹுய்போ என்ற அறிஞரிடம் கொண்டுபோய்க் காட்டி, "ஒரு காரியம் செய்ய நினைக்கிறேன், எப்படி இருக்கும்?" என்றார். அங்கும் விஷயத்தைச் சொல்லவில்லை.

ஹுய்போ மடக்கினார். நாணயமும் விசுவாசமும் உள்ள காரியமானால் நடக்கும், இல்லாவிட்டால் நிச்சயம் தோற்கும் என்றார். மஞ்சள் நடுநிலையின் நிறம், கீழாடை அடக்கத்தின் அடையாளம், அந்தக் குணங்கள் இருப்பவனுக்குத்தான் அந்த நன்மை என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். ஆபத்தான சூழ்ச்சிகளுக்கு யி ஜிங்கைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். நான் குவாய் கேட்கவில்லை. கலகம் தோற்றது, பக்கத்து நாட்டுக்கு ஓடிப்போனார். இது ஸுவோ சுவான் என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது.

அதே நூலில் மூ ஜியாங் என்ற அரசியின் கதையும் உண்டு. சூழ்ச்சிகளில் ஈடுபட்டு, கடைசியில் கிழக்கு அரண்மனையில் ஒதுக்கப்பட்டவர். அங்கே போனபோது குறி கேட்டார். நல்ல குறி, சீக்கிரம் வெளியே வந்துவிடுவீர்கள் என்றார் குறி பார்த்தவர். அந்த அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் குறி சொல்லும் நான்கு நற்குணங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை, கெடுதலை நானே தேடிக்கொண்டேன், பழியில்லை என்று இது சொல்வது எனக்கு எப்படிப் பொருந்தும், நான் இங்கேயேதான் சாவேன் என்றார். கி.மு. 564-இல் அங்கேயே இறந்தார். நல்ல சீட்டை வேண்டாம் என்று தள்ளிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, இவர்தான்.

லீ ஜியில் ஒரு வரி இருக்கிறது. குறி கேட்க வருபவரிடம் முதலில் கேட்கவேண்டியது: இது நியாயத்தைப் பற்றியதா, உன் ஆசையைப் பற்றியதா? நியாயமானால் கேட்கலாம், ஆசையானால் கூடாது. இதைக் கோயில் வாசலில் எழுதிப் போட்டால் வரிசை பாதியாகிவிடும்.

உங்களுக்கு வந்த சீட்டு நல்ல சீட்டாகவே இருக்கட்டும். அது எந்தக் கேள்விக்கு வந்த பதில்? கேள்வியை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதைக் கவனித்தீர்களா? கூட்டாளியிடம் பிரிந்துபோகலாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு போய்க் குலுக்குங்கள். அப்போது வரும் சீட்டைப் பற்றி எழுதுங்கள்.

"படித்தவர், நீதிமன்றத்தில் இருந்தவர். நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா?" – ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை

எதிர்காலத்தைக் குச்சி சொல்லும் என்று நான் நம்பவில்லை. கேட்டால் சீனாவிலேயே எனக்குத் துணை உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஷுன் ஜி என்ற கன்ஃபூசிய அறிஞர் சொல்லிவிட்டார்: குறி கேட்டுப் பெரிய காரியங்களை முடிவுசெய்வது, கேட்டது கிடைக்கும் என்பதற்காக அல்ல, காரியத்துக்கு ஒரு முறைமை சேர்ப்பதற்காக, அறிந்தவர் அதை முறைமையாகப் பார்க்கிறார், மக்கள் தெய்வச் செயலாகப் பார்க்கிறார்கள். யி ஜிங்கை நன்றாகக் கற்றவர் குறி கேட்பதில்லை என்றும் அவர் நூலில் இருக்கிறது.

கி.மு. 701-இல் ஒரு போருக்கு முன், குறி கேட்டுவிடலாமா என்று தளபதி தயங்கியபோது, சூ நாட்டின் தோவ் லியன் சொன்ன பதில் இன்னும் சுருக்கம்: சந்தேகத்தைத் தீர்க்கத்தான் குறி, சந்தேகமே இல்லாதபோது எதற்குக் குறி? போனார்கள், ஜெயித்தார்கள்.

ஆனால் எல்லாரையும் நம் பக்கம் இழுத்துக்கொள்வது நாணயமாகாது, ஐயா. ஷாங் ஷூ என்ற தொன்மையான நூலில் அரசனுக்கு ஒரு வரிசை சொல்கிறார்கள்: பெரிய சந்தேகம் வந்தால் முதலில் உன் மனத்தைக் கேள், பிறகு அமைச்சர்களைக் கேள், பிறகு மக்களைக் கேள், அதற்குப் பிறகு ஆமையையும் குச்சியையும் கேள். அதில் குறிக்குக் கடைசி இடம் என்று இந்தக் காலத்துக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். மேலே படித்தால், ஆமையும் குச்சியும் இரண்டுமே எதிர்த்தால் மற்ற எல்லாரும் சம்மதித்தாலும் சும்மா இரு என்கிறது. கடைசியில் கேட்டாலும் வாக்கு கனமான வாக்குதான். அவர்கள் நம்பினார்கள். நம்பியவர்களே கேள்வியை இவ்வளவு வடிகட்டினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம்பாத நாம் நாளும் எத்தனை கேள்விகளை வடிகட்டாமல் கேட்கிறோம்!

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு சீனப் பெரியவர் காசு போட்டுப் பார்த்தார். 'வீட்டில் உடம்பு சரியில்லை' என்றேன். யாருக்கு, உனக்கு என்ன முறை என்று கேட்டுத் துளைத்துவிட்டார். சாமிக்குத் தெரியாதா?" – வாசகர், கிள்ளான்

முதலில் அம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பழைய சீனக் கோயில்களில் மருந்துக்கென்றே தனிக் குச்சிகள் உண்டு, எண்ணுக்கு ஒரு மருந்துச் சீட்டு. அதெல்லாம் மருத்துவமனை இல்லாத காலத்து ஏற்பாடு.

பெரியவர் துளைத்ததற்குக் காரணம் உண்டு. அவர் பார்த்தது ஆறு கோடு முறையாக இருக்கும். ஹான் காலத்து ஜிங் ஃபாங் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை. குறியின் கோடுகளுக்கு உறவுமுறை கொடுப்பார்கள்: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மனைவியும் செல்வமும், அதிகாரியும் பேயும். எந்தக் கோட்டைப் பார்ப்பது என்பதைக் கேள்விதான் முடிவுசெய்யும். அம்மாவுக்கு என்றால் பெற்றோர் கோடு. மகனுக்கு என்றால் பிள்ளைகள் கோடு. ஒரு பெண் தன் கணவனுக்காகக் கேட்டால் அதிகாரிக் கோடு. நோய் எது என்பதற்கும் அதிகாரி–பேய்க் கோடுதான். அதை அடக்கும் மருந்துக்குப் பிள்ளைகள் கோடு. (அதிகாரியையும் பேயையும் ஒரே கோட்டில் வைத்தவர் அரசாங்க அலுவலகங்களுக்கு அலைந்தவராக இருக்கவேண்டும்.)

"வீட்டில் உடம்பு சரியில்லை" என்றால் எந்தக் கோட்டைப் பார்ப்பார் பாவம்? விடை முன்னால் இருந்தும் அதைப் படிக்க இடமில்லை. சாமிக்குத் தெரியலாம், படிப்பவருக்குத் தெரியவேண்டுமே. பரீட்சை, கடன், வழக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இந்த முறையில் ஒரு குறிக்கு ஒரு விஷயம்தான் என்பார்கள். அவர் உங்களிடம் யாருக்கு, என்ன முறை என்று கேட்டாரே, அவரை நல்ல ஆள் என்று நினைக்கிறேன். எதையும் கேட்காமல் பலன் சொல்பவரிடம் போகாதீர்கள்.

"ஃபோர் டி லாட்டரிக்கு எண் கேட்கலாமா?" – பலர்

கேட்கிறார்கள். குச்சி எண்ணைப் பார்த்ததும் சீட்டைக்கூட வாங்காமல் கடைக்கு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாயில் பெரும்பாலும் 100 குச்சிகள். உங்களுக்கு வேண்டியது நான்கு இலக்கம். மிச்சத்தை எங்கே போய்க் கேட்பீர்கள்?

"சீட்டு வந்த பிறகு என்ன செய்வது? அதில் பயணம், வழக்கு, நோய் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது." – வாசகி, ஈப்போ

குச்சி விழுந்ததும் கட்டை போட்டு, இதுதான் எனக்கான குச்சியா என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். இல்லை என்றால் திரும்பப் போட்டுக் குலுக்கவேண்டும். பிறகு சீட்டு. அதில் உத்தமம், மத்திமம், அதமம் என்று தரம், நான்கு வரிக் கவிதை, பழங்கதை ஒன்றின் பெயர், கீழே கல்யாணம், வழக்கு, பயணம், தொலைந்த பொருள் என்று தலைப்பு வாரியாக ஒவ்வொரு வரி. நீங்கள் கேட்ட தலைப்பை மட்டும் படியுங்கள். கல்யாணத்தைக் கேட்டுவிட்டு, அது சரியில்லை என்றதும் பயணம் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. என் தங்கை அந்த ரகம்.

"எனக்குச் சீனம் தெரியாது. தமிழில் கேட்டால் குவான் யின்னுக்குப் புரியுமா?" – இல்லத்தரசி, உட்லண்ட்ஸ்

இந்தக் கடிதத்தைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். குவான் யின் யார்? இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன அவலோகிதேசுவரர். போன இடத்தில் காலப்போக்கில் பெண் வடிவம் எடுத்துக்கொண்டார். பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதிய தமிழ் இலக்கணம் வீரசோழியம். அகத்தியர் தமிழைக் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்கிறது அதன் பாயிரம். அகத்தியருக்கே தமிழ் சொல்லித்தந்தவருக்கு உங்கள் தமிழ் புரியாதா, அம்மா? தாராளமாகக் கேளுங்கள். ஒரு விஷயம், ஒரு வாக்கியம். "வந்து", "அதாவது" இல்லாமல். பிறந்த தேதியைச் சீனக் கணக்கில் சொல்லத் தெரியாவிட்டால் தெரிந்த கணக்கில் சொல்லுங்கள். புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் ஆ மா எப்போதும் ஆங்கிலத்தில்தான் சொல்வார்.